அம்மாவுக்குக் கண் இமை ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன், பின்னால் வாசிக்க வருகிறவர்களுக்கும் புரியட்டும். உங்கள் அம்மாவுக்கு 63 வயது. மூன்று வருடமாக மேல் இமைகள் இறங்கிக்கொண்டே வருகின்றன, வலது பக்கம் கூடுதலாக. டிவி பார்க்கும்போது முகவாயைத் தூக்கிக்கொண்டுதான் பார்க்கிறார். ஒரு டாக்டர் ‘தோல் தொங்குகிறது, வெட்டி எடுத்தால் போதும்’ என்றார். இன்னொருவர் ‘தோல் மட்டும் இல்லை, தசையை இழுத்துத் தைக்க வேண்டும்’ என்று ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு சொன்னார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, நான்கு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், ரத்தம் உறையாமல் இருக்க எக்கோஸ்பிரின் என்ற ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடுகிறார், கண்புரையும் ஆரம்பித்திருக்கிறது. பார்வையே போய்விடுமோ என்று அவருக்குப் பயம். இந்த வயதில் அழகுக்கு ஆபரேஷனா என்று அப்பாவுக்கு எரிச்சல். போகிற போக்கில், உங்கள் தங்கையின் கருவளையத்துக்கும் இதையே செய்யலாமா என்று ஒரு வரி. எந்த ஆபரேஷன் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் காதில் விழுவது இது: இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்லும்போது, மருத்துவம் படிக்காத மகள் எதை வைத்து முடிவெடுப்பது?

நான் கண் மருத்துவர். எம்.எஸ். முடித்தபின் இமை, கண்ணீர்ப்பை, கண்குழி அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பயிற்சி எடுத்து, 18 வருடமாகத் திருச்சியில் அதைத்தான் செய்துவருகிறேன். அம்மாவின் கண்ணை நான் பார்க்கவில்லை. அதனால் அந்த இருவரில் யார் சரி என்று இங்கிருந்து சொல்ல முடியாது. போட்டோவை மட்டும் பார்த்துச் சொல்கிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்கலாம் என்பதை வேண்டுமானால் என்னால் சொல்ல முடியும்.

‘இமை தொங்குகிறது’ என்று வருகிறவர்களுக்கு இருப்பது குறைந்தது மூன்று வேறு வேறு சங்கதிகள். ஒன்று, இமைத் தோல் தளர்ந்து மடிந்து, திரைச்சீலை மாதிரி விளிம்பின் மேல் வந்து விழுவது. அப்போது இமை அதன் இடத்தில்தான் இருக்கும், தோல்தான் மறைக்கும். இரண்டாவது, தோல் சரியாகவே இருந்தாலும் இமையின் விளிம்பே கீழே இறங்கியிருப்பது. டோசிஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மூன்றாவது, புருவம் இறங்கி மேலிருந்து மொத்தத்தையும் அமுக்குவது. அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் இவை கலந்தேதான் வரும். ஆகவே உங்கள் இரண்டு டாக்டர்களும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒருவர் தோலைப் பார்த்திருக்கிறார், இன்னொருவர் விளிம்பைப் பார்த்திருக்கிறார்.

வீட்டில் இதை ஓரளவு பார்க்கலாம். அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். புருவத்தை உங்கள் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நெற்றியைச் சுருக்கி அவரையறியாமலே இமையைத் தூக்கிவிடுவார். இப்போது மடிந்து விழும் தோலை மட்டும் விரலால் மெல்ல ஒதுக்குங்கள். இமைமயிர் முளைக்கும் விளிம்பு தெரியும். அந்த விளிம்பு கருவிழியின் மேல் ஓரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் மறைத்தால் இமை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள பாப்பாவைத் தொடும் அளவுக்கு வந்திருந்தால் தசையும் சேர்ந்த விஷயம்.

மேல் இமையைத் தூக்குவது லிவேட்டர் என்ற தசை. கண்குழியின் ஆழத்திலிருந்து முன்னால் வந்து, மெல்லிய பட்டையாகி இமைக்குள் இருக்கும் தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. வயதாக ஆக அந்தப் பட்டை நைந்து, ஒட்டிய இடத்திலிருந்து நழுவும். வருடக்கணக்கில் கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும், கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கும் சீக்கிரமே நழுவும். புரை ஆபரேஷனின்போது கண்ணைத் திறந்து பிடிக்கக் கம்பி வைக்கிறோமே, அதன்பிறகுகூடச் சிலருக்கு இறங்குவதுண்டு. இப்படி நழுவியதை மறுபடி இழுத்துத் தைப்பதுதான் இரண்டாவது டாக்டர் சொன்னது. அது நுணுக்கமான வேலை, செலவு கூடுதலாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அவர் அளந்தாரா என்று கேளுங்கள். டார்ச் அடித்தால் கருவிழியில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அதிலிருந்து இமை விளிம்பு வரை சாதாரணமாக 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அப்புறம் புருவத்தை அழுத்திக்கொண்டு, கீழே பார்க்கச் சொல்லி, பிறகு மேலே பார்க்கச் சொல்லி, இமை எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்ப்போம். 12 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் தசைக்கு நல்ல பலம் இருக்கிறது. நாலு மில்லிமீட்டர்தான் என்றால் இழுத்துத் தைத்துப் பயனில்லை, இமையை நெற்றித் தசையோடு கட்டித் தூக்கும் வேறு ஆபரேஷன் வேண்டும். இத்தனைக்கும் தேவைப்படும் கருவி பத்து ரூபாய் பிளாஸ்டிக் ஸ்கேல். ஸ்கேலை எடுக்காமலே தேதி குறிக்கிற டாக்டரிடம் எனக்கு நம்பிக்கை வராது. என் துறைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சிலருக்கு ஃபினைலெஃப்ரின் என்ற சொட்டு மருந்தை விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்ப்போம். அதற்கே இமை நன்றாக உயர்ந்தால், இமையின் உள்பக்கம் வழியாகவே ஒரு சின்னத் தசையைச் சுருக்கிச் சரிசெய்யலாம், வெளியே தழும்பு இருக்காது. தோல் அதிகமில்லாதவர்களுக்கு நல்ல வழி. அம்மாவுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். இமை உயர்த்தும் சொட்டு மருந்து என்று இணையத்தில் வருவது ஆக்ஸிமெட்டாசொலின். அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது. போட்டால் சில மணி நேரம் உயர்ந்திருக்கும், பிறகு பழைய நிலைதான். தொங்கும் தோலை அது ஒன்றும் செய்யாது.

புருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இமை இறங்கியவர்கள் நாள் முழுக்க நெற்றியைச் சுருக்கி, புருவத்தால் இமையைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலத் தலைவலியை ‘கண்ணாடி பவர் மாறியிருக்கும்’ என்பார்கள். இமையைச் சரிசெய்ததும் நெற்றி ஓய்வெடுக்கும், புருவம் தன் உண்மையான இடத்துக்கு இறங்கும். ஆபரேஷன் முடிந்து மாதம் ஒன்றாகியும் ‘இன்னும் கனமாகத்தான் இருக்கிறது’ என்று வருகிறவர்களில் பலர் இந்த வகை. புருவம் இறங்கிய ஒருவருக்குத் தோலை மட்டும் தாராளமாக வெட்டினால் புருவமும் இமைமயிரும் நெருங்கி, முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

இனி நான் சொல்வதை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். மூன்று வருடமாக மெதுவாக இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஆறுதல். ஓரிரு நாளில் திடீரென்று ஒரு பக்க இமை இறங்கி, அதோடு தலைவலியோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதோ, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்திருப்பதோ இருந்தால் அது இமைப் பிரச்சினையே இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று புடைத்து, கண்ணை அசைக்கும் மூன்றாவது நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். மாறாக, இமை லேசாக இறங்கி, அந்தப் பக்கப் பாப்பா மட்டும் சிறுத்திருந்தால் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் போகிற வேறொரு நரம்புப் பாதையைத் தேட வேண்டியிருக்கும். நுரையீரலின் உச்சியிலுள்ள கட்டி இப்படி இமையில் முதலில் தலைகாட்டுவதுண்டு.

அடுத்தது மயஸ்தீனியா கிரேவிஸ். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போய்ச் சேரும் இடத்தில் வரும் கோளாறு. இதில் காலையில் இமை நன்றாக இருக்கும், மாலையில் இறங்கும். ஒரு நாள் வலது, ஒரு நாள் இடது என்றுகூட மாறும். என்னிடம் ஓர் அம்மா வந்தார், வேறோர் இடத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, இன்னொரு கருத்துக்காக. பேசிக்கொண்டிருந்த கால்மணி நேரத்தில் இமை என் கண்ணெதிரே இறங்கியது. நேராக மேலே பார்க்கச் சொன்னால் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கவில்லை. கையுறையில் ஐஸ் துண்டுகளைப் போட்டு மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தேன். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. குளிர்ச்சியில் அந்தக் கட்டளை கொஞ்சம் நன்றாகப் போய்ச் சேரும், அதனால்தான் இந்தச் சோதனை. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன், மாத்திரையில் சரியானது, கத்தியே தேவைப்படவில்லை. ஐஸ் சோதனையில் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ரத்தப் பரிசோதனையும் வேண்டியிருக்கும். உங்கள் அம்மாவுக்கு மாலையில் கூடுகிறதா, மென்று விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா, குரல் மூக்கடைத்த மாதிரி ஆகிறதா என்று கேளுங்கள். களைப்பில் எல்லோருக்குமே இமை கொஞ்சம் இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம், உடனே பயந்துவிடாதீர்கள்.

வலது பக்கம் கூடுதல் என்றீர்களே, அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நானே அதில் மாட்டியிருக்கிறேன். இரண்டு இமைகளுக்கும் மூளை ஒரே அளவு கட்டளைதான் அனுப்பும். ஒரு பக்கம் மோசமாக இறங்கினால் அதைத் தூக்கக் கூடுதல் கட்டளை போகும், மறு பக்கமும் அந்தத் தயவில் நிமிர்ந்து நிற்கும். மோசமான பக்கத்தைச் சரிசெய்ததும் கூடுதல் கட்டளை நின்றுபோகும், அதுவரை நன்றாக இருந்த பக்கம் இறங்கிவிடும். நான் தொழில் தொடங்கிய இரண்டாவது வருடம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு இடது பக்கம் மட்டும் செய்தேன். ஒரு வாரம் கழித்து வந்து, ‘டாக்டரம்மா, இந்தப் பக்கத்தைத் தூக்கி அந்தப் பக்கத்தை இறக்கிட்டீங்களே’ என்றார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் அதை ஏற்றுக்கொண்டிருப்பார். நான் சொல்லவில்லை, ஏனென்றால் சோதிக்கவில்லை. இறங்கிய இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கண்ணைக் கவனித்தாலே போதும். உங்கள் டாக்டரையும் அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

நோயாளிகள் எல்லோரும் இமை எவ்வளவு திறக்கும் என்று கேட்பார்கள். எங்கள் கவலையெல்லாம் மறுபடி எவ்வளவு மூடும் என்பதுதான். நிமிடத்துக்குப் பதினைந்து தடவைக்கு மேல் மூடித் திறந்து, கண்ணீரை விழியின் மேல் மெழுகிவிடுவதுதான் இமையின் முதல் வேலை. ஏற்கெனவே உலர்ந்த கண்ணின் இமையை அகலமாகத் திறந்துவைத்தால் எரிச்சல், மணல் விழுந்த உறுத்தல், மங்கல் எல்லாம் வரும். மோசமானால் கருவிழியின் மேல்படலமான கார்னியாவில் புண் வரும், அதனால் பார்வையும் கெடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கார்னியாவின் உணர்ச்சி குறைந்திருக்கலாம், உறுத்தலே தெரியாமல் புண்ணாகலாம். ஆகையால் ஆபரேஷனுக்கு முன் கண்ணீர்ச் சுரப்பைப் பார்த்தே ஆக வேண்டும். கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு நனைந்தது என்று பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் கண் நன்றாகவே உலர்ந்திருக்கிறது. கண்ணை இறுக்கி மூடும்போது விழி மேல்நோக்கிச் சுழல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சுழல்கிறவர்களுக்கு இமை சரியாக மூடாவிட்டாலும் கார்னியா உள்ளே ஒளிந்துகொள்ளும். சுழலாதவர்களுக்கு நான் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாகவே தூக்குவேன், ‘இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கலாமே’ என்ற பேச்சைக் கேட்டுக்கொள்வேன். கண்ணாடி வேண்டாமென்று லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் குறைந்தது ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். தைராய்டால் கண் வீங்கியவர்களுக்கு நோய் அடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அவர்களுக்கு வேறு கண் ஆபரேஷன்கள் தேவைப்பட்டால் அவை முடிந்தபிறகுதான் இமை.

தோலை எவ்வளவு எடுக்கலாம்? புருவத்தின் அடியிலிருந்து இமை விளிம்பு வரை 20 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது எங்கள் கைக்கணக்கு. குறைவாக எடுத்தால் ஆறு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக எடுத்துவிட்டால் வேறெங்கிருந்தாவது தோலை வெட்டி ஒட்ட வேண்டியதுதான், அது நிறத்திலும் தடிப்பிலும் அப்பட்டமாகத் தெரியும். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு நிகரான மாற்றுத் தோல் உடம்பில் கிடையாது என்றே சொல்லலாம்.

பார்வை போகுமா என்ற பயத்துக்கு வருகிறேன். அபூர்வமாகப் போகும், மறைக்க மாட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு இமைக்குப் பின்னால், கண்குழிக்குள் ரத்தம் கசிந்து கட்டினால் பார்வை நரம்பு நசுங்கும். கண்குழி எலும்பால் ஆன கிண்ணம், உள்ளே விரிய இடமில்லை. அழகுக்காகச் செய்யும் இமை ஆபரேஷன்களில் இப்படிக் கசிவது ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு, நிரந்தரமாகப் பார்வை போவது 10,000-ல் ஒருவருக்கும் குறைவு என்பதுதான் எங்கள் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கணக்கு. ஸ்டென்ட்டும் ரத்தம் உறையாத மாத்திரையும் உள்ள 63 வயதுக்காரருக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கொஞ்சம் கூடுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் நடக்கும். ஒரு கண்ணில் மட்டும் ஏறிக்கொண்டே போகும் வலி, கல்லாக இறுகும் வீக்கம், விழி முன்தள்ளுவது, பார்வை மங்குவது ஆகியவைதான் அறிகுறி. இது தெரிந்தால் காலை வரை காத்திருக்கவே கூடாது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் தையலைப் பிரித்து அழுத்தத்தை இறக்கினால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது: ராத்திரி பதினொரு மணிக்கு இப்படி ஆனால் எந்த நம்பரில் கூப்பிடுவது, யார் எடுப்பார், யார் கத்தி பிடிப்பார்? இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறிடம் பாருங்கள். முதல் ராத்திரி ஊரிலேயே தங்குங்கள், மூன்று மணி நேரப் பஸ் பயணம் வேண்டாம். கண்ணைக் கட்டுப்போட்டு மூடியிருந்தால் பார்வை மங்குவது தெரியாமல் போய்விடும். அதனால் நான் இறுக்கமான கட்டுப் போடுவதே இல்லை.

எக்கோஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கண் டாக்டர் சொன்னார் என்றும் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆஸ்பிரினின் வேலை ரத்தத்திலிருந்து விலக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், முந்தின நாள் நிறுத்தி ஒன்றும் ஆகாது. ‘நிறுத்த வேண்டாம்’ என்று இதய மருத்துவர் சொன்னால், மாத்திரையோடே செய்வதா, ஆபரேஷனையே தள்ளிப்போடுவதா என்று இருவரும் பேசி முடிவெடுக்கட்டும். இமைக்காக இதயத்தைப் பணயம் வைக்கும் ஆபரேஷன் எதையும் நான் செய்வதில்லை. மாத்திரைப் பட்டியலில் மக்கள் சொல்ல மறப்பது மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு காப்சூல், நாட்டு மருந்துச் சூரணம், முழங்கால் வலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக். எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் அன்றைய ரத்த அழுத்தம். மாத்திரையால் கசிந்ததைவிட, பிரஷர் ஏறிக் கசிந்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் என்றதும் காலை பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு வருகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. வெறும் வயிறு என்றாலும் ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாமா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள்.

ஆபரேஷன் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியில்தான். ஊசி போடும் அந்த ஒரு நிமிடம் சுருக்கென்று எரியும், அதோடு சரி. தசையை இழுத்துத் தைக்கும்போது நடுவில் கண்ணைத் திறக்கச் சொல்வோம், சில சமயம் எழுந்து உட்காரவும் சொல்வோம், உயரம் சரியாக வந்ததா என்று பார்க்க. அதற்காகவே முழு மயக்கம் வேண்டாம் என்கிறோம். ரத்தத்தை அடக்கும்போது கரிந்த வாசனை வரும், இது தெரியாமல் சிலர் பயந்திருக்கிறார்கள். வெட்டு இமையின் இயல்பான மடிப்பில் ஒளிந்துவிடும். தையலை ஐந்திலிருந்து ஏழு நாளில் எடுப்போம். கீலாய்டு என்னும் தடித்த தழும்பு இமையில் அபூர்வம், ஆனால் நம் நிறத்துத் தோலில் தழும்பு சில மாதம் கறுத்திருக்கும்.

முதல் இரண்டு நாள் விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம், சுத்தமான துணியில் சுற்றிய ஐஸ். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, முக்குவது இரண்டு வாரத்துக்குக் கூடாது, மலச்சிக்கல் உள்ளவருக்கு அதற்கும் மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கண்மையும் அதுவரை வேண்டாம். கன்றிப்போன நீலம் கன்னம் வரை இறங்கும், அது இயல்புதான். சில வாரம் தூங்கும்போது இமை முழுதாக மூடாது. ராத்திரி களிம்பு போட்டு, சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கல்யாணம் ஏதும் இருந்தால் ஒன்றரை மாதமாவது இடைவெளி விடுங்கள். மூன்று மாதம் ஆகாமல் முடிவு நல்லதா கெட்டதா என்று பேசுவதில் பொருளில்லை. தசையைத் தைக்கும் ஆபரேஷனில் பத்துப் பேரில் ஒருவருக்குக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ மறுபடி தைக்க வேண்டிவரும். இதைச் சொல்லாமல் ‘இரண்டு பக்கமும் அச்சு அசலாக வரும்’ என்று வாக்குக் கொடுப்பவரிடம் ஜாக்கிரதை. மறுபடி செய்தால் கட்டணம் உண்டா என்றும் இப்போதே கேட்டுவையுங்கள்.

கண்புரை முதலா இமை முதலா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. இமையின் அழுத்தம் மாறினால் கார்னியாவின் வளைவு சற்று மாறும், லென்ஸ் பவர் கணக்கிலும் அது நுழையும். புரை முற்றவில்லை என்றால் இமையை முதலில் முடித்து, மூன்று மாதம் கழித்து லென்ஸுக்கு அளவெடுப்பேன், அதிலும் சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் விலையுயர்ந்த லென்ஸ் வைப்பதாக இருந்தால் கட்டாயமாக. பார்வை மங்கலுக்குப் புரைதான் காரணம் என்றால் அதை முதலில் எடுக்க வேண்டும், இமை காத்திருக்கும். புதுக் கண்ணாடியையும் அதுவரை வாங்காதீர்கள்.

அப்பாவின் கேள்வி நியாயமானது, அதற்கு அளந்து பதில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. நேராகப் பார்த்தபடியே சுற்றிலும் எதுவரை தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனையை இரண்டு தடவை செய்வோம், ஒரு தடவை அப்படியே, இன்னொரு தடவை இமையைப் பிளாஸ்டரால் தூக்கி ஒட்டி. இரண்டாவதில் மேல்பக்கப் பார்வை கணிசமாகக் கூடினால் இது அழகுக்கான ஆபரேஷன் இல்லை என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சி. வித்தியாசம் இல்லை என்றால் செய்யாமல் விடலாம், ஒன்றும் குடிமுழுகாது. காப்பீட்டுக்கும் அதே காகிதம்தான். நம் நாட்டுக் காப்பீடுகளில் அழகு சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை, ஆனால் மருத்துவத் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் பரிசீலிக்க இடமுண்டு. ஆபரேஷனுக்கு முந்தைய போட்டோ, அளவுகள், புலச் சோதனை மூன்றையும் முன்கூட்டியே அனுப்பி அனுமதி வாங்குங்கள். முடிந்தபின் அனுப்பினால் நிரூபிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

யாரிடம் போவது? இமைக்கென்று தனிப் பயிற்சி பெற்ற கண் மருத்துவர், அல்லது இமை வேலை தொடர்ந்து செய்கிற பிளாஸ்டிக் சர்ஜன். தசையும் உலர்வும் சேர்ந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டிய உங்கள் அம்மா மாதிரி ஆளுக்கு நான் முதல் வகையைச் சொல்வேன், இதில் எனக்குச் சார்பு உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ‘கடந்த வருடம் இதே ஆபரேஷன் எத்தனை செய்தீர்கள்’ என்று கேட்பது அவமரியாதை ஆகாது. மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. செலவு நெருக்குகிறது என்றால் 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையை மறக்க வேண்டாம். பியூட்டி கிளினிக்கில் ‘அரை மணி நேரத்தில் இளமை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போகாதீர்கள்.

தங்கையின் கருவளையத்துக்கு இந்த ஆபரேஷன் பயன்படாது. நம் ஊர்க்காரர்களுக்குக் கண்ணைச் சுற்றிய கறுப்பு பெரும்பாலும் தோலின் நிறமி, பரம்பரையாக வருவது. கீழ் இமையில் கொழுப்புப் பை பிதுங்கியிருந்து அதன் நிழல்தான் கறுப்பாகத் தெரிகிறது என்றால் மட்டும் ஆபரேஷனுக்கு இடம் உண்டு. மேலிருந்து அடிக்கும் குழல்விளக்கில் ஒரு போட்டோவும், முகத்துக்கு நேராக ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோவும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே கறுப்பு என்றால் நிறமி. கீழ் இமை ஆபரேஷன் மேல் இமையைவிட மன்னிக்காத வேலை. தோலை இழுத்துவிட்டால் இமை வெளிப்பக்கம் புரண்டு, கண்ணில் சதா நீர் வழியும்.

இந்தப் பதிலைக் குழந்தைகளுக்காகத் தேடி வந்தவர்களுக்கு ஒரே ஒரு வரி: பிறவியிலேயே இமை இறங்கிப் பாப்பாவை மறைத்தால் ‘பெரியவனானால் சரியாகும்’ என்று காத்திருக்காதீர்கள், கண் பார்க்கப் பழகாமலே போய்விடும், உடனே காட்டுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அம்மாவின் பழைய போட்டோக்களைக் கொண்டுபோங்கள். கல்யாண ஆல்பம், 40 வயதில் எடுத்தது, ஐந்து வருடம் முன்பு எடுத்தது. எப்போது தொடங்கியது என்பதை ஞாபகத்தைவிட அவை சரியாகச் சொல்லும். வலது பக்கம் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது என்று ஆல்பத்தைப் புரட்டியபோது தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. அப்புறம் இன்று ராத்திரி அம்மா நன்றாகத் தூங்கிய பிறகு, ஹாலில் வரும் வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள், இமைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறதா என்று. தெரிந்தால் இமை இப்போதே முழுதாக மூடவில்லை என்று அர்த்தம், அதை முதல் வேலையாக டாக்டரிடம் சொல்லுங்கள். இங்கேயும் எழுதுங்கள், பார்க்கிறேன்.